ஒரே பட்டறையில் கடைந்த நாலு சக்கரம்

இந்தக் காலத்தில் எழவுக்கு வருகிறவனுக்குக்கூடப் பிணத்தைப் பார்க்கப் பொழுதில்லை, வேடிக்கை பார்க்கத்தான் பொழுதிருக்கிறது. பிலவேந்திரன் இதை வாய்க்குள் வைத்துக்கொள்ளவில்லை. சவப்பெட்டியின் தலைமாட்டில் குந்தி, மகனுடைய தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மறுபடி இறுக்கிக்கொண்டே எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"பொணம் இங்க இருக்குது. அத்தினி பேரும் அங்க போயி நின்னுகினு இருக்கறானுங்க. செத்தது இவனா, அந்த வண்டியா?"

ஒருத்தரும் திரும்பவில்லை. செஞ்சி பஸ் கம்பெனியின் தகரக் கொட்டகையில் ஒரு கோடியில் தோமினிக்கின் உடம்பு, மறு கோடியில் அவன் ஓட்டிய பஸ். இரண்டு ஜோடி மாடு பூட்டி விடியற்காலையில்தான் இழுத்து வந்து போட்டிருந்தார்கள். மூக்கு நசுங்கி, பின்னால் இருந்த கரிப் பீப்பாய் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கவிழ்த்த உலைப்பானை மாதிரிக் கிடந்தது. வந்தவர்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். குனிந்து பார்த்தார்கள். கண்ணாடித் தூளைக் காலால் தள்ளிப் பார்த்தார்கள். பார்த்து முடித்த பிறகு ஒப்புக்கு இந்தப் பக்கம் வந்து, "பாவம், நல்ல பையன்" என்றார்கள்.

நேற்றுப் பொழுது சாய்கிற நேரம் ராணிக்கோட்டைக்கு மேற்கே இறக்கத்தில் வண்டி குறுக்கே திரும்பிப் புளியமரத்தில் போய் மோதியது. உள்ளே இருந்தவர்களுக்குக் கை கால் முறிவோடு போயிற்று. ஸ்டியரிங் சக்கரம் தோமினிக்கின் நெஞ்சில் இறங்கிவிட்டது. முகத்தில் ஒரு கீறல் இல்லை. அதுதான் கிழவருக்குப் பிடிபடவில்லை. காய்ச்சல் பார்ப்பவர் போல மகனுடைய நெற்றியில் புறங்கையை வைத்து வைத்து எடுத்தார். வாய் திறந்து அழ வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அழுகை எங்கே இருந்து கிளம்பும் என்பது மறந்துபோன மாதிரி இருந்தது.

போலீஸ் பார்த்துவிட்டுப் போயாகிவிட்டது, இனி எடுக்கலாம் என்றார்கள். சித்திரை வெயில். தகரத்துக்குக் கீழே பிணம் எத்தனை நேரம் தாங்கும்? ஊரில் குழி வெட்டியாயிற்று, பங்குச் சாமியாருக்குச் சொல்லியாயிற்று, மருமகள் ராயம்மாள் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஊர் அனந்தபுரம் தாண்டிப் பனமலை போகிற வழியில்.

அப்போதுதான் அந்தப் பேச்சு அவர் காதில் விழுந்தது. வண்டியைச் சுற்றி நின்றவர்களில் ஒருத்தன் சொன்னான், "நூட்டல்ல உட்டிருப்பான்பா. வேற இன்னா?" இன்னொருத்தன் தலையை ஆட்டினான். அதற்குப் பிறகு அந்தச் சொல் எறும்பு மாதிரி ஒவ்வொருவர் வாயாக ஊர்ந்தது.

கிழவர் இளைய மகனைக் கையசைத்துக் கூப்பிட்டார். தேவசகாயமும் அதே கம்பெனியில் டிரைவர்தான். அண்ணன் ஒன்றாம் நம்பர் வண்டி, தம்பி மூன்றாம் நம்பர். கண் இரண்டும் வீங்கி, காக்கிச் சட்டையோடு வந்து நின்றான். நூட்டல் என்றால் என்ன என்று கேட்டார். அவன் முதலில் மழுப்பினான். இவர் விடவில்லை. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

சண்டை வந்த பிறகு பெட்ரோல் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது. பஸ்கள் கரி போட்டுத்தான் ஓடுகின்றன. இறக்கம் வந்தால் கியரை எதிலும் மாட்டாமல் நூட்டலில் தள்ளிவிட்டால் வண்டி தன் பாரத்திலேயே உருளும், கரி மிச்சம். இறக்கம் முடிகிற இடத்தில் ஓடுகிற ஓட்டத்திலேயே கியரை இடித்துச் செருகிக்கொள்ள வேண்டும். சனிக்கிழமைதோறும் மிச்சக் கரியைக் கம்பெனி டிரைவருக்கே கொடுத்துவிடும். திருவண்ணாமலை தடத்தில் இதைச் செய்யாத டிரைவர் கிடையாது.

தோமினிக் வீட்டு அடுப்பில் ஒரு வருஷமாகக் கரிதான் எரிகிறது. கம்பெனியில் இனாமாகக் கொடுக்கிறார்கள் என்று மட்டும்தான் கிழவருக்குத் தெரியும்.

"நீயும் உடறதுதானா?"

தேவசகாயம் அண்ணனுடைய காலருகே பெட்டியின் விளிம்பில் ஒட்டியிருந்த மரச் சீவலை எடுத்து விரலால் சுருட்டிக்கொண்டு நின்றான்.

கிழவர் எழுந்தார். இடுப்புத் துண்டை உதறிக் கட்டிக்கொண்டு நேராக உடைந்த வண்டிக்குப் போனார். வழியில் நின்றவர்களை விலகு என்றுகூடச் சொல்லவில்லை, தோளால் தள்ளிக்கொண்டு போனார். பஸ்ஸுக்கு அடியில் இருந்து இரண்டு கால் நீட்டிக்கொண்டிருந்தன. அது கம்பெனி மேஸ்திரி தாண்டவராயன். நாலு வண்டிக்கும் அவன்தான் வைத்தியன்.

"யோவ் மேஸ்திரி. வெளிய வா."

தாண்டவராயன் வெளியே வந்தான். முழங்கைவரை எண்ணெய். கிழவரைப் பார்த்ததும் எழுந்து நின்று, கையைத் துடைக்கத் துணி தேடினான். அவர் காத்திருக்கவில்லை.

"இன்னா ஒடஞ்சிது?"

மோதியதில் பிளந்திருந்த கியர்ப்பெட்டியைத் திறந்துவிட்டிருந்தான். மண்ணெண்ணெய் ஊற்றிய தகரத் தட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பல்சக்கரம் கிடந்தது. கிழவன் வாய் மாதிரி அதில் மூன்று பல் இல்லை. உதிர்ந்த பல் மூன்றும் பக்கத்தில் கிடந்தன. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். தணிந்த குரலில், பின்னால் நிற்கிறவர்களுக்குக் கேட்காதபடி பேசினான்.

"பாருங்க பெரியவரே. இந்தப் பக்கம் வெள்ளியாட்டம் மினுக்குது. இது நேத்து ஒடஞ்சது. இந்தப் பக்கம் கறுத்துக் கெடக்குது பாருங்க, எண்ண எறங்கி. இது எப்பவோ விரிசல் உட்டுப்போச்சு. நேத்து முழுசாப் பேந்து ரெண்டு பல்சக்கரத்துக்கு நடுவுல மாட்டிகிச்சு. பின்னால ரெண்டு டயரும் பூட்டு போட்ட மாதிரி நின்னுப்போச்சு. யாரு ஓட்டியிருந்தாலும் வண்டி திரும்பியிருக்கும்."

கிழவர் அந்தப் பல்லை வாங்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார். சோளப்பொரி அளவுகூட இல்லை. இவ்வளவு இரும்பில், இவ்வளவு தகரத்தில், இந்தப் பொடி ஒன்றா?

விரிசல் ஏன் விட்டது என்று கேட்டார். தாண்டவராயன் சொன்னான்: சண்டைக்கு முன்னால் இந்தச் சக்கரம் சீமையிலிருந்து கப்பலில் வரும். இப்போது வருவதில்லை. போன மழைக்காலத்தில் பட்டணத்தில் ஒரு பட்டறையில் பழைய தண்டவாளத் துண்டில் கடைந்து வாங்கினோம். பதம் சரியாக ஏறவில்லை என்று எனக்கு அப்போதே சந்தேகம். டிரைவர்கள் நூட்டலில் விட்டு இடித்து இடித்துச் செருகினால் அதுவும் எத்தனை நாள் தாங்கும்? இரும்பும்தான், இடியும்தான். எது முந்தி என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

கிழவருக்கு அந்தக் கணக்கில் அக்கறை இல்லை. வேறொன்று கேட்டார்.

"இந்த மாதிரி எத்தினி கடஞ்சீங்க?"

மேஸ்திரி தட்டைப் பார்த்தான். "நாலு."

"கம்பெனியில வண்டி எத்தினி?"

"நாலு."

ஒரு காக்கை தகரத்தின் மேல் நடக்கிற சத்தம் கேட்டது. பிலவேந்திரன் திரும்பிப் பார்த்தார். கொட்டகை வாசலில் மூன்றாம் நம்பர் வண்டி நின்றது. இரண்டு பேர் அதன் நெற்றியில் செவ்வந்தி மாலை கட்டிக்கொண்டிருந்தார்கள். கிளீனர் பீப்பாயில் கரியைக் கொட்டி, ஊதுசக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"அதுக்கு எதுக்கு மாலை?"

முதலாளி ஏற்பாடு என்றான் தாண்டவராயன். தோமினிக்கை அந்த வண்டியில்தான் ஊருக்குக் கொண்டுபோகிறார்கள். ஓட்டப்போவது தேவசகாயம்.

முதலாளி சுந்தரமூர்த்தி கெட்ட மனிதர் இல்லை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றார் என்று எல்லாரும் சொன்னார்கள். பெட்டி செய்யச் சொன்னது அவர், கோடித் துணி எடுத்துக் கொடுத்தது அவர். கிழவரிடம் வந்து கையைக் கூப்பினார். தோமினிக் என் பிள்ளை மாதிரி, அவனுக்குச் செய்யாமல் யாருக்குச் செய்யப்போகிறேன், துக்கத்துக்கு வந்த அத்தனை பேரும் வண்டியில் ஏறட்டும், காசு வேண்டாம், அண்ணனைத் தம்பி கொண்டுபோய்ச் சேர்க்கட்டும், அதுதான் மரியாதை என்றார். சுற்றி நின்றவர்கள் உருகிப்போனார்கள். ஒரு டிரைவர் சாவுக்கு எந்த முதலாளி இப்படிச் செய்வான்?

"அந்த வண்டியில எம்புள்ள போவமாட்டான்" என்றார் பிலவேந்திரன்.

"எந்தப் புள்ளையச் சொல்றீங்க பெரியவரே?"

"ரெண்டு பேரையுந்தான்."

கிழவர் நீட்டி முழக்கவில்லை. ஒரே பட்டறையில் கடைந்த சக்கரம் நாலில் ஒன்று உடைந்து என் பிள்ளை இங்கே கிடக்கிறான், மிச்சம் மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் எதற்கு ஓட்டுகிறீர்கள் என்று கேட்டார். முதலாளி மேஸ்திரியைப் பார்த்தார். ஒரு கியர்ப்பெட்டியை இறக்கிப் பிரித்துப் பார்க்க எத்தனை நேரம் ஆகும் என்று எல்லார் எதிரிலும் கேட்டார். இன்றைய பொழுதும் நாளைக்குப் பாதிப் பொழுதும் ஆகும் என்றான் மேஸ்திரி.

"அதுவரைக்கும் பொணம் தாங்குமா பெரியவரே? நாலு வண்டியையும் நிறுத்திட்டா ஜனங்க ஆஸ்பத்திரிக்கி எதுல போவும், இத்தினி குடும்பம் எங்க போவும்? இனிமே ஒருத்தனும் நூட்டல்ல உடக்கூடாதுன்னு கண்டிசனா சொல்லிட்டேன். ஏன் தாண்டவராயா, வண்டி போவுமா போவாதா?"

தாண்டவராயன் கையைத் துணியில் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

"இன்னிக்கி போவும் மொதலாளி."

கிழவர் அவனைப் பார்த்தார். அவன் பார்க்கவில்லை.

கிழவர் அதற்கு மேல் நிற்கவில்லை. வெளியே போனார். சந்தைக்கு மல்லாட்டை மூட்டை ஏற்றி வந்த துரைக்கண்ணு அவர் ஊர்க்காரன். மூட்டையை இறக்கிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். அவனை வண்டியோடு கூட்டிவந்தார். பெட்டியைத் தூக்குங்கடா என்றார். தூக்க நாலு பேர் வரவே கொஞ்ச நேரம் ஆயிற்று. முதலாளிக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிடுமே என்று ஆளாளுக்குத் தயங்கினார்கள். கடைசியில் ஒரு பக்கம் கிழவரே கையைக் கொடுத்தார். பெட்டி மாட்டு வண்டியில் ஏறியது. கடலைத் தோல் ஒட்டிய வைக்கோலின் மேல் தோமினிக் படுத்துக்கொண்டான்.

வந்த ஜனம் பஸ்ஸில்தான் ஏறியது. வெயில் அப்படி. ஓசிப் பயணம் வேறு. முதலாளி மனசு நோகக்கூடாது என்று ஒரு பெரியவர் காரணம் சொல்லிக்கொண்டே முதல் ஆளாக ஏறி ஜன்னலோரம் பிடித்தார். தேவசகாயம் அப்பனையும் பார்த்தான், முதலாளியையும் பார்த்தான். பிறகு போய் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டான்.

பிணத்தை முந்திக்கொண்டு போகக்கூடாது. அது யாரும் எடுத்துச் சொல்லவேண்டிய விஷயம் இல்லை. அதனால் முன்னால் மாட்டு வண்டி, பின்னால் பஸ். மாடு கொஞ்ச தூரம் போகிறவரை பஸ் புளியமர நிழலில் நிற்கும், பிறகு கிளம்பி வந்து ஒட்டும், மறுபடி நிற்கும். கிழவர் இரண்டுக்கும் நடுவில் நடந்தார். துரைக்கண்ணு வண்டியில் ஏறிக்கொள்ளச் சொல்லிப் பார்த்தான். கேட்கவில்லை. கப்பி ரோடு காலைச் சுட்டது. முன்னால் மகன் கிடந்த பெட்டி குலுங்கிக்கொண்டே போனது. அதைப் பார்க்க வேண்டிய கண் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. காது மட்டும் முதுகுக்குப் பின்னால் இருந்தது. பஸ் ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் கியர் விழுகிற சத்தம். கரகரவென்று பல்லைக் கடிக்கிற சத்தம். அந்தச் சத்தம் முடிகிறவரை அவருக்கு மூச்சு விட வரவில்லை. உடைந்தால் தன் மேல்தான் வந்து விழும் என்பது அவருக்குத் தெரியும். நடுவிலேயே நடந்தார்.

அனந்தபுரம் தாண்டி, ஊர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் பாறைமேடு ஒன்று உண்டு. ஏறி இறங்கினால் ஏரிக்கரை, அதை ஒட்டி மாதா கோவில். இறக்கம் செங்குத்து. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஏரி. கிழவர் மாட்டு வண்டியை முன்னால் போகவிட்டார். அது ஏரிக்கரையில் போய்ச் சேர்ந்தது. கோவிலில் துக்கமணி அடிக்க ஆரம்பித்தார்கள். அவர் மேட்டின் மேலேயே திரும்பி, ரோட்டின் நடுவில் நின்றார்.

பஸ் ஏறி வந்து அவருக்கு எதிரில் நின்றது.

"எறங்குங்க எல்லாரும்" என்றார். "நடந்து போலாம். மேஸ்திரி வாயால கேட்டுட்டு வந்திருக்கறேன். இந்த வண்டியிலயும் அதே சக்கரம்தான்."

முணுமுணுப்புக் கிளம்பியது. பிள்ளையைப் பறிகொடுத்ததில் கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். ஜன்னலோரப் பெரியவர், கோவில் எதிரில் தெரியும்போது எவனாவது வெயிலில் இறங்குவானா என்று கேட்டார். கைக்குழந்தைக்காரி ஒருத்திதான் முதலில் இறங்கினாள். குழந்தையின் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு நடந்தாள். அவள் இறங்கியதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். பிறகு எல்லாரும். கடைசியில் பெரியவரும் திட்டிக்கொண்டே இறங்கினார். கிளீனர் யாரும் சொல்லாமலே குதித்துவிட்டான்.

தேவசகாயம் மட்டும் உட்கார்ந்திருந்தான். கிழவர் போய்க் கதவைப் பிடித்தார்.

"நீயும் எறங்கு."

"வண்டிய யாரு நைனா கீழ கொண்டாருவாங்க?"

"இங்கயே கெடக்கட்டும்."

"கெடந்தா நாளைக்கி எவன் எனக்கு வண்டி குடுப்பான்?" அவன் அப்பனைப் பார்க்காமல் கண்ணாடி வழியாக இறக்கத்தைப் பார்த்தான். "அண்ணன் நூட்டல்லதான் உட்டுது நைனா. எத்தினியோ தடவ நானே பாத்திருக்கறேன். அதனாலதான் போச்சு. நான் உடமாட்டேன். எனக்கு ஒண்ணும் ஆவாது."

கிழவர் மகன் முகத்தைப் பார்த்தார். அவன் அதை நம்பித்தான் சொன்னான். குற்றம் அண்ணன் மேல் இருந்தால்தான் இந்த இருக்கையில் தம்பி உட்கார முடியும். இரும்பின் மேல் இருந்தால் முடியாது. அவன் எதை நம்புவான்?

கதவிலிருந்து கையை எடுத்தார்.

வண்டி நகர்ந்தது. காலியான பஸ் தகரம் தகரமாக ஆடிக்கொண்டு இறங்கியது. ஜனம் ரோட்டோரமாக ஒதுங்கி நின்று பார்த்தது. முதல் கியரில்தான் போனான். ஊளையிடுகிற மாதிரி அது முனகிக்கொண்டே போனது. பாதி இறக்கத்தில் 'கடக்' என்று ஒரு சத்தம். கைக்குழந்தைக்காரி சேசுவே என்றாள். கிழவர் தேவமாதாவைக் கூப்பிட நினைத்தார், பெயர் வரவில்லை. வண்டி ஒரு குலுங்கு குலுங்கிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது. ஏரிக்கரையில் சமமாகி, கோவில் வாசலில் வேப்பமரத்தடியில் நின்றது. தேவசகாயம் இறங்கி மேட்டைப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டினான்.

கிழவர் ரோட்டிலேயே குந்திவிட்டார். கண்ணில் நீர் வந்தது அப்போதுதான். அதைத் துடைத்துக்கொள்வதற்குள் பின்னால் ஜன்னலோரப் பெரியவருடைய குரல் கேட்டது.

"பாத்தீங்களா. வண்டி மேல ஒரு பழுதும் இல்ல. அப்போ அந்தப் பையன்தான் நேத்து..."

மிச்சத்தை முழுங்கிவிட்டார். முழுங்கியும் என்ன? பக்கத்தில் நின்ற நாலு பேர் தலையை ஆட்டினார்கள். பிலவேந்திரன் அந்தத் தலைகளைக் கீழே இருந்து பார்த்தார். வண்டி நல்லபடியாகப் போய்ச் சேரவேண்டும் என்று வேண்டிக்கொண்டது அவர்தான். போய்ச் சேர்ந்துவிட்டது.

சாமியார் பூசை வைத்தார், தீர்த்தம் தெளித்தார். மண் போட்டார்கள். கல்லறைத் தோட்டத்திலிருந்து ஜனம் கலையத் தொடங்கியபோது ராயம்மாள் மாமனாரிடம் வந்தாள். இடுக்கிய பிள்ளையை இறக்கிவிடக்கூட மறந்திருந்தாள். கோவில் வாசலில் மாலையோடு முழுசாக நின்ற மூன்றாம் நம்பர் வண்டியைப் பார்த்தாள். அதற்குள் அவள் காதிலும் போட்டிருந்தார்கள்.

"வண்டியா மாமா, அவரா?"

"வண்டிதான்மா."

அவள் மறுபடி பஸ்ஸைப் பார்த்தாள். பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு பெண்களோடு போய்ச் சேர்ந்தாள்.

தேவசகாயம் வண்டியைச் செஞ்சிக்குத் திருப்ப வேண்டியிருந்தது. அனந்தபுரம் போகிறவர்கள், செஞ்சி போகிறவர்கள் என்று மேட்டில் இறங்கி நடந்த அதே ஜனம் மறுபடி ஏறி உட்கார்ந்திருந்தது. கிளீனர் ஊதுசக்கரத்தைச் சுற்றினான். புகை ஏறியது. கிழவர் வேப்பமரத்தடியில் நின்றார். மகன் அருகே வந்தான். காலையிலிருந்து சாப்பிடாத முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது.

"ஒண்ணும் ஆவலயே நைனா. பாத்தியா இல்ல?"

"இன்னிக்கி ஆவல."

"நீ இன்னும் நம்பலயா?"

கிழவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, ரோட்டை விட்டு இறங்கி, ஏரிக்குப் பின்னால் வரப்பு வழியாக நடக்க ஆரம்பித்தார். தேவசகாயம் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய் ஏறினான். மேட்டில் ஏறுகிற வண்டிக்கு முதல் கியர் விழுந்தது. கிழவர் நின்றார். மேட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டாவது விழுந்தது. நெல் அறுத்த தாளில் கொக்கு ஒன்று ஒற்றைக் காலில் நின்று அவரைப் பார்த்தது. மூன்றாவதும் விழுந்து, சத்தம் சீராகி, சின்னதாகி, வெயிலோடு கரைகிறவரை தலையை ஒரு பக்கம் சாய்த்தபடியே நின்றார்.

பிறகு தொண்டையைச் செருமிக் காறித் துப்பிவிட்டு, வரப்பில் மேற்கே நடந்தார்.